சொறி, சாமந்தி, பவளம்: ஒரே சுருக்குப்பையின் மூன்று வாழ்க்கை

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு மிஞ்சிய சுவர்கள் அவை. அடுத்த முறை போகும்போது சுவரை ஒட்டிப் போய்க் கல்லைக் கிட்டத்தில் பாருங்கள். செங்கல் இல்லை, கருங்கல்லும் இல்லை. வெளிறிப்போன, சொரசொரப்பான கல். அதன் மேல் கடுகளவுக் குழிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கையில் ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு குழிக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள், சைக்கிள் சக்கரத்தின் கம்பிகள் மாதிரி, வரிசையாக நிற்கும். கடலுக்குள் இருந்தபோது ஒவ்வொரு குழியிலும் ஒரு உயிர் குடியிருந்தது. உள்ளங்கையால் மறைத்துவிடக்கூடிய இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள்.

அவற்றைக் கட்டியவை பவள உயிரிகள். அதே கரையில் வலையை உதறும்போது கொழகொழவென்று வந்து விழும் சொறி மீனும், தண்ணீர் வற்றும்போது பாறை இடுக்கில் சுருங்கி உட்கார்ந்திருக்கும் கடல் சாமந்தியும் இந்தப் பவளத்துக்குச் சொந்தக்காரர்கள். ஒன்று கல், ஒன்று பூ, ஒன்று கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் என்றுதான் பார்க்கிறவருக்குத் தோன்றும். ஆனால் உயிரியலில் மூன்றும் நிடேரியா என்ற ஒரே தொகுதி. பள்ளிக்கூடத்தில் 'குழியுடலிகள்' என்று படித்திருப்போம். இதுவரை பெயரிடப்பட்ட இனங்களே 10,000-க்கு மேல்.

பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொண்டால் இந்த உடல் சட்டென்று புரிந்துவிடும். ஒரு பை, அதற்கு ஒரே வாய், வாயைச் சுற்றிலும் கயிறு கயிறாக உணர்கொம்புகள். சாப்பாடு போவதும் கழிவு வெளியேறுவதும் அந்த ஒரே வாய் வழியாகத்தான். பையின் சுவரில் இரண்டு அடுக்குச் செல்கள். நடுவில் கூழ் மாதிரி ஒரு பொருள். இதயம் இல்லை, ரத்தம் இல்லை, மூளை என்று தனியாக ஒன்று கிடையாது. உடல் முழுக்க வலை போலப் பரவிய நரம்புகள் மட்டும் உண்டு. இந்தப் பையை வாய் மேலே இருக்கும்படி பாறையில் ஒட்டவைத்தால் கடல் சாமந்தி. அதையே சின்னதாக்கி, அடியில் சுண்ணாம்பால் ஒரு கிண்ணம் கட்டிக்கொடுத்து, பக்கத்தில் அதே மாதிரி ஆயிரம் பேரை நெருக்கமாகக் குடிவைத்தால் பவளம். வாய் கீழே வரும்படி கவிழ்த்து, நடுவிலிருக்கும் கூழைத் தடிமனாக்கி மிதக்கவிட்டால் சொறி மீன். ஒட்டி வாழும் வடிவத்தைப் பாலிப் என்றும், மிதக்கும் வடிவத்தை மெடூசா என்றும் சொல்வார்கள்.

இந்தக் குடும்பத்தை ஒன்றாகக் கட்டிவைப்பது இன்னொரு விஷயம், அதை எனக்குச் சொல்லித் தந்ததே நம் ஊர்ப் பெயர்தான். நம் கடற்கரையில் மிதக்கும் பையைச் 'சொறி' என்கிறார்கள், ஈழத்தில் 'சொறிமுட்டை'. பட்ட இடம் அரித்து எரியும், அதனால் அந்தப் பெயர். தரையில் வளரும் காஞ்சொறிச் செடியின் பெயரிலும் அதே 'சொறி' இருக்கிறது. நிடேரியா என்ற பெயரும் காஞ்சொறியைப் போலவே தொட்டால் தடிக்கவைக்கும் ஒரு செடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். மத்தியதரைக் கடலோரத்தில் இருந்தவர்களும் மன்னார் வளைகுடாக் கரையில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே அனுபவத்திலிருந்து பெயர் எடுத்திருக்கிறார்கள். எனக்கு இதில் தீராத சந்தோஷம்.

சரி, அந்தச் சொறியில் என்னதான் இருக்கிறது? உணர்கொம்புகளின் தோலில் கொட்டும் செல்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குப்பி. குப்பிக்குள் சுருட்டி அடைத்த ஒரு நுண்குழல், உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பக் காத்திருக்கிறது. செல்லின் வெளியே ரோமம் போல ஒரு விசை நீட்டிக்கொண்டிருக்கும். இரை உரசினால், கூடவே அதன் உடலிலிருந்து கசியும் வேதிப்பொருளும் பட்டால், குப்பி வெடிக்கும். குப்பிக்குள் அழுத்தம் சுமார் 150 வளிமண்டலம். கார் டயரில் அடிக்கும் காற்றைவிட அறுபது, எழுபது மடங்கு. ஜெர்மன் ஆய்வாளர்கள் நன்னீர்ச் சொந்தக்காரனான ஹைட்ராவை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2006-இல் வெளியிட்ட கணக்கின்படி, முள் பாய்வதற்கு ஆகும் நேரம் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 50 லட்சம் மடங்குக்கு மேல். உயிருலகில் இதுவரை அளந்துபார்த்த அசைவுகளில் மிக வேகமானவற்றில் இதுவும் ஒன்று. அதைச் செய்வது மூளையே இல்லாத ஒரு பை.

ஒரு குப்பி ஒரு தடவைதான் வெடிக்கும். வெடித்ததை எறிந்துவிட்டு உடல் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளும். முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது, ஒவ்வொரு குப்பியும் பெரும்பாலும் தன் பொறுப்பில் வேலை செய்கிறது. மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. அதனால்தான் கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறியும் கொட்டும், அறுந்துபோன கொம்புத் துண்டும் கொட்டும். சின்ன வயதில் ஒதுங்கிக் கிடந்த ஒன்றைக் குச்சியால் புரட்டிவிட்டு, குச்சியில் ஒட்டியிருந்த நூல் போன்ற ஒன்றை விரலால் எடுத்துப்போட்டேன். அன்று ராத்திரி முழுக்க அந்த விரல் எரிந்தது. செத்தது எப்படிக் கொட்டும் என்று அப்போது யாராலும் விளக்க முடியவில்லை. 'சொறி அப்படித்தான்' என்றார்கள்.

கடலில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தோலில் ஒட்டிய கொம்புகளில் வெடிக்காத குப்பிகள் இன்னும் நிறைய இருக்கும். மணல் போட்டுத் தேய்த்தால் அவையும் வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் உப்புச் செறிவு மாறி, அதனாலும் வெடிக்கும். கடல் தண்ணீரால் அலசி, வெறுங்கை படாமல் கொம்புகளை எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், இருபது நிமிடமாவது வைத்திருந்தால் வலி தணியும். நஞ்சில் இருப்பது பெரும்பாலும் புரதம், சூட்டில் அதன் வீரியம் குறையும். வினிகர் பெட்டி வடிவச் சொறிக்கு உதவும், வேறு சில இனங்களுக்கு அதுவே கெடுதலாகலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு இறுக்கம், மயக்கம் என்று ஏதாவது வந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

இந்த நஞ்சைத் தேடிப் போன இடத்தில்தான் மருத்துவத்துக்கு ஒரு பெரிய உண்மை கிடைத்தது. 1901-இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆய்வுக் கப்பலில் சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் ஃபைசேலியாவின் நஞ்சை ஆராய்ந்தார்கள். நீலப் பலூன் போல மிதந்து நீளக் கொம்புகளைத் தொங்கவிடும் உயிர் அது. பிரான்சுக்குத் திரும்பிய பிறகு கடல் சாமந்தியின் சாற்றை நாய்களுக்குச் செலுத்தினார்கள். முதல் தடவை சின்ன அளவைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், சில வாரம் கழித்து அதே சின்ன அளவைச் செலுத்தியதும் அரை மணி நேரத்துக்குள் செத்துப்போனது. நஞ்சு உடலுக்குப் பழகிவிடும் என்று எதிர்பார்த்த இடத்தில், உடல் தானே தன்னைக் கொல்லும் அளவுக்குச் சிலிர்த்தெழுந்தது. அதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார்கள். வேர்க்கடலையோ ஊசி மருந்தோ சிலருக்கு உயிராபத்தாவது ஏன் என்ற விளக்கம் அங்கிருந்து தொடங்கியது. 1913-இல் ரிஷேக்கு நோபல் பரிசு.

கொட்டும் செல்களைப் பார்த்துப் பயப்படாமல் அதையே பிழைப்பாக்கிக்கொண்டவையும் கடலில் உண்டு. கோமாளி மீன் சாமந்தியின் கொம்புகளுக்கு நடுவிலேயே குடியிருக்கிறது. அதன் உடலைப் போர்த்திய வழவழப்பு, குப்பியின் விசையைத் தட்டிவிடாது. நீல டிராகன் என்ற விரல்நீளக் கடல் நத்தை இன்னும் ஒரு படி மேலே. ஃபைசேலியாவைக் கடித்துத் தின்று, வெடிக்காத குப்பிகளைச் செரிக்காமல் தன் உடலின் நுனிகளுக்கு அனுப்பிச் சேர்த்துவைத்து, அதே ஆயுதத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது. 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு சென்னை பெசன்ட் நகர்க் கரையில் இந்த நத்தைகள் ஒதுங்கின. அழகாக இருக்கிறது என்று கையில் எடுக்கக் கூடாத உயிர்.

கடல் சாமந்தியைப் பூ என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள் அதன் வயதைக் கேட்டால் நின்றுவிடுவார்கள். 1828-இல் ஸ்காட்லாந்தின் கடற்கரைப் பாறையிலிருந்து ஜான் கிரஹாம் டாலியெல் என்ற இயற்கையியலாளர் ஒரு சாமந்தியை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். அவர் காலமான பிறகும் அது இருந்தது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, நூற்றுக்கணக்கான குட்டிகளைப் பெற்று, 'பாட்டி' என்றே பெயர் வாங்கி, 1887-இல்தான் இறந்தது. சாதுவான பூவும் இல்லை அது. வேறு வம்சத்துச் சாமந்தி பக்கத்தில் வந்து ஒட்டினால், இதற்கென்றே வைத்திருக்கும் குமிழ்களை ஊதிப் பெரிதாக்கி எதிராளியின் மேல் ஒட்டவைத்துக் கொட்டும். தன்னிலிருந்தே பிரிந்த பங்காளியை மட்டும் தொடாது. தன் உடல் எது, அடுத்தவர் உடல் எது என்று மூளையில்லாத பைக்குத் தெரிகிறது.

சொறி மீன் விஷயத்தில் உலகம் ரொம்ப நாள் ஏமாந்திருந்தது. குடை போல மிதப்பது ஒரு உயிர், பாறையில் ஒட்டித் தட்டு தட்டாக அடுக்கியது போல இருப்பது வேறொரு உயிர் என்று தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். நார்வேயில் பாதிரியாராக இருந்த மைக்கேல் சார்ஸ் 1830-களில் பொறுமையாகக் கவனித்து, இரண்டும் ஒன்றே என்று நிறுவினார். முட்டையிலிருந்து வரும் பிளானுலா என்ற நுண்ணிய குஞ்சு நீந்திப்போய்க் கடினமான ஒரு பரப்பில் ஒட்டும். அங்கே பாலிப் ஆகும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். தன்னையே நகலெடுத்துப் பெருக்கவும் செய்யும். காலம் கூடி வந்ததும் உடலில் குறுக்கே வரிகள் விழுந்து, அடுக்கிவைத்த தட்டுகள் போலாகி, மேல்தட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று துடித்துக்கொண்டே நீந்திப்போகும். ஒரு பாலிப்பிலிருந்து பத்துக்கு மேல்கூட வரலாம். நாம் கடலில் பார்க்கும் சொறி, அந்த உயிரின் வாழ்க்கையில் ஒரு பருவம் மட்டும். ஓசையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு பருவம் நம் கண்ணில் படுவதே இல்லை.

ஒரே வாரத்தில் கடல் முழுக்கச் சொறியாகிவிடுவதன் காரணம் இதில்தான் இருக்கிறது. அந்தக் கூட்டம் எங்கிருந்தோ திடீரென்று முளைப்பதில்லை, ஒட்டியிருந்த பாலிப்கள் ஒரே சமயத்தில் தட்டுகளைக் கழற்றிவிடுகின்றன. நீந்துவதிலும் அவை சிக்கனம். குடையைத் தசை ஒரு தடவை சுருக்கினால் போதும். நடுவிலிருக்கும் கூழ் ரப்பர் போலத் தானே விரிந்து, கூடுதல் செலவில்லாமல் இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிவிடும். மீன்களை நாம் அள்ளிவிட்டால், அவை தின்றிருக்க வேண்டிய மிதவை உயிர்களெல்லாம் சொறிக்குத்தான். நமீபியக் கடலில் மத்தி மீனை அளவுக்கு மீறிப் பிடித்துத் தீர்த்த பிறகு நடந்தது இதுதான். 2006-இல் வெளியான கணக்கெடுப்பு அங்கே மீன் 36 லட்சம் டன், சொறி 1 கோடியே 22 லட்சம் டன் என்றது. சொறியையே முக்கிய உணவாகக் கொண்ட ஏழுவரி ஆமையும் குறைந்துகொண்டே வருகிறது.

கல்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அணு மின் நிலையத்தின் குளிர்விப்புக்குக் கடல்நீரை இழுக்கும்போது சொறிக் கூட்டமும் சேர்ந்து வந்து சல்லடைகளை அடைத்துவிடும்; அங்குள்ள ஆய்வாளர்கள் பல வருடங்களாக இதைக் கவனித்து எழுதிவருகிறார்கள். 2011-இல் ஸ்காட்லாந்தின் டோர்னஸ், 2025 ஆகஸ்டில் பிரான்சின் கிராவலின் நிலையங்களில் உலைகளையே நிறுத்தும்படி ஆயிற்று. மறுபக்கம், நம் கிழக்குக் கரையில் பிடிபடும் சில இனங்களை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்கிறார்கள். சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அது விருந்துச் சாப்பாடு.

இனி பவளம். இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் வேறு, தனுஷ்கோடிச் சுவரில் இருக்கும் பவளக்கல் வேறு. செம்பவளத்தின் உயிருக்கு எட்டு கொம்புகள். பாறை கட்டும் பவளத்தின் உடல் அமைப்பு ஆறின் மடங்கில் இருக்கும். கடல் சாமந்தியும் அந்த ஆறின் கூட்டத்தைச் சேர்ந்ததே. அதாவது சுவரில் இருக்கும் கல், அதே பெயரைத் தாங்கிய மோதிரக் கல்லைவிடச் சாமந்திக்கு நெருங்கிய உறவு. செம்பவளம் நம் கடலில் விளைந்ததும் அல்ல; மத்தியதரைக் கடலிலிருந்து முசிறித் துறைமுகத்துக்கு இறக்குமதியான சரக்குகளில் பவளமும் இருந்ததாகப் பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கப்பல் வழிக்குறிப்பு சொல்கிறது. ரோமானியர் முத்துக்கு ஏங்கியது போல இந்தியர் பவளத்துக்கு ஏங்குகிறார்கள் என்று பிளினி எழுதினார்.

பவளம் ஒரு விலங்கு என்பதையே ஐரோப்பா எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை, செடி என்றே நினைத்தது. 1720-களில் மார்செய் ஊர் மருத்துவர் பேசொனெல், அதன் 'பூக்கள்' தொட்டால் உள்ளே சுருங்குவதைக் கவனித்து, இவை பூச்சி போன்ற உயிர்கள் என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். கழகத்தில் அதை எடுத்துச்சொன்ன ரெயோமூர், அவர் கேலிக்கு ஆளாகக் கூடாது என்று பெயரைச் சொல்லாமலே விட்டார். ஆபிரகாம் டிராம்ப்ளே 1740-களில் ஹைட்ராவை வெட்டி வெட்டிச் சோதித்து, செடி போலத் தெரியும் அதுவும் விலங்குதான் என்று காட்டிய பிறகுதான் பேசொனெல் சொன்னது எடுபட்டது.

ஆனால் பேசொனெலை மறுத்தவர்கள் சொன்னதில் ஒரு துளி உண்மை ஒளிந்திருந்தது, அது அவர்களுக்கே தெரியாது. பாறை கட்டும் பவளத்தின் செல்களுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் வாழ்கின்றன. அவை வெயிலில் சர்க்கரை சமைத்து, பவளத்துக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கை, சில இனங்களில் 90 சதவீதம் வரை, கொடுத்துவிடுகின்றன. பதிலுக்குப் பவளம் இடமும் தன் கழிவிலுள்ள நைட்ரஜனையும் தருகிறது. ராத்திரியானால் பவளம் கொம்புகளை விரித்து மிதவை உயிர்களைக் கொட்டிப் பிடித்தும் சாப்பிடும். ஆனாலும் கல் கட்டுகிற அளவுக்குத் தெம்பு வருவது பாசியால்தான். பவளப்பாறை ஆழமில்லாத, தெளிந்த, வெயில் இறங்கும் தண்ணீரையே தேடுவதும் அதனால்தான். பாசிதான் நிறமும் தருகிறது; பவளத்தின் சொந்தச் சதை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும்.

வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடுதலாகச் சூடு சில வாரம் நீடித்தால் இந்தக் கூட்டுக் குடித்தனம் கெட்டுப்போகிறது. பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் தடுமாறி நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் பொருள்களைக் கக்க, பவளம் பாசியை வெளியேற்றிவிடும். பிறகு தெரிவது கண்ணாடிச் சதையும் அடியிலிருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பும்தான். வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, பட்டினி கிடக்கும் பவளம். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பி வரும், தாமதமானால் வராது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் மன்னார் வளைகுடாப் பார்களில், அதாவது பவளப்பாறைத் திட்டுகளில், ஏப்ரல் தொடங்கி ஜூன் வரையுள்ள மாதங்கள்தான் கண்டம். 2010-இலும் 2016-இலும் அங்கே பெரிய அளவில் வெளுத்தன. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

அந்தப் பார்கள் அதற்கு முன்னாலேயே கடப்பாரையைப் பார்த்தவை. வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாயில் வேகவைக்கவும் வள்ளம் வள்ளமாகக் கல் எடுத்தார்கள். உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுதான் வளரும். ஒரு சாண் கனத்துக் கல்லை உடைத்தெடுத்தால் இருபது வருட வேலை போயிற்று. 1986-இலேயே அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டிருந்தாலும் கல் எடுப்பது நிற்கவில்லை. பாறைப் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது 2001-இல்தான். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையை உடைக்கும் பார் போனால் தீவின் மணல் நிற்காது.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வான் தீவும் அப்படித்தான் கரைந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சிமெண்டில் வார்த்த துளையிட்ட கட்டமைப்புகளை இறக்கியிருக்கிறார்கள். அலை அவற்றில் மோதி வேகம் குறையும், பவளக் குஞ்சுகளுக்கு ஒட்ட இடமும் கிடைக்கும். துறைமுகச் சுவரிலும் மிதவையிலும் சொறியின் குஞ்சு தேடுவது இதே கடினமான பரப்பைத்தான். பவளத்தின் பிளானுலா இதில் கொஞ்சம் கறார். நீந்திவந்து பரப்பை முன்நுனியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். அங்கே ஏற்கெனவே படிந்திருக்கும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியின் வாசனை பிடித்தால்தான் நிற்கும், பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். நின்றுவிட்டால் முன்நுனியாலேயே ஒட்டிக்கொண்டு தட்டையாகும். எதிர்ப்பக்கத்தில் வாய் திறக்கும். சில நாளில் அடியில் ஒரு வட்டத் தகடு விழும். அதன் மேல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஆறின் மடங்காக மெல்லிய சுவர்கள் எழும்பும், தனுஷ்கோடிக் கல்லில் பார்த்த அதே சக்கரம், குண்டூசித் தலை அளவில்.